இடைவழி ஊரும் பயண இலக்கியமும்

பயணம் என்பது புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மட்டும் கொண்டதன்று. இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. வழியில் தங்கலும் உண்டு. நடந்து சென்ற காலத்தில் சத்திரமும் சாவடியும் அத்தங்கலுக்கு இடமாயின. கப்பலேறிச் சென்ற காலத்தில் துறைமுகங்கள் இடமாயின. விமானத்தில் செல்லும் இக்காலத்தில், ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றுக்குக் காத்திருக்கும் சில மணி நேரமே இடைத்தங்கலாகச் சுருங்கியுள்ளது. வடிவம் மாறினாலும் அனுபவத்தின் அடிப்படை மாறவில்லை. தான் தேடிச் செல்லாத ஓர் ஊர், தற்செயலாகப் பயணியின் முன் வந்து நிற்கிறது. அதை அவன் எப்படி எதிர்கொள்கிறான்? அதைப் பற்றி எப்படி எழுதுகிறான்? பயண இலக்கியத்தின் தரத்தை அளந்தறிய இவ்விரு வினாக்களும் நல்ல கருவிகளாகும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இடைத்தங்கல் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், 1973 வரை, கடலோடிய 'இராஜுலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனத் துறை துறையாக நின்று வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமே இன்றைய கிள்ளான் துறைமுகம். சிங்கப்பூருக்குப் போக வேண்டியவனுக்குப் பினாங்கு ஓர் இடைவழி ஊர். கப்பல் நிற்கும் நேரத்தில் அவன் கண்ட பினாங்கு, பின்னர் அவனுடைய பேரப்பிள்ளைகளின் காதில் கதையாக விழுந்தது. அக்கதைகளுள் ஏட்டில் ஏறியவை சிலவே. காற்றோடு போனவை மிகப் பல. இவ்விழப்பை எண்ணிப் பார்க்கும்போதுதான், இடைவழி ஊரைப் பற்றி எழுதுவது எத்தகைய பணி என்பது விளங்கும்.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

வழியைப் பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையையே படைத்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழிகாட்டுவதே அதன் அமைப்பு. வள்ளலைப் புகழ்வது அதன் நோக்கம் என்று மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. அது தவறன்று. எனினும், வள்ளலின் அரண்மனை வாயிலை அடையும் முன் இப்பாடல்கள் எவ்வளவு தொலைவை வழியிலேயே செலவிடுகின்றன என்பது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடையது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் அது எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் மூன்று ஊர்களைக் காட்டுகிறது. நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். முல்லை நிலத்து வேலூரில் புளிச்சுவை கூடிய சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும். ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தாலும், தன் மக்களாலும், தன் உணவாலும் வேறுபட்டு நிற்கிறது. மூன்றும் இடைவழி ஊர்களே. பாணன் அங்கே தங்குவது ஓரிரவு. ஆயினும், அவ்வூர்களுள் ஒன்றையேனும் 'வழியில் ஓர் ஊர்' என்று புலவர் ஒதுக்கிவிடவில்லை.

583 அடிகளால் ஆன மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நன்னனது செங்கண்மாவை நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு அது இன்பங்களை மட்டும் சொல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து பாய்ந்து வரும், வழுக்கும் வழியில் எதைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிகளும், மிளகு சுமந்த கழுதைகளும், கடற்கரைக் கலங்கரை விளக்கும் வருகின்றன. வழியில் எதிர்ப்படுவோர் யார், அவர் செய்யும் தொழில் யாது என்பதில் அப்புலவர்க்கு இருந்த அக்கறை பெரிது.

இப்பாடல்களுக்கு இத்தெளிவு எங்கிருந்து வந்தது? சொல்லுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே உள்ள உறவே அதற்குக் காரணம். கேட்கிறவன் அவ்வழியே நடக்கப் போகிறான். பொய் சொன்னால் அவன் பசியோடு இருட்டில் நிற்பான். எச்சரிக்கத் தவறினால் குழியில் விழுவான். தன் சொல்லை நம்பி ஒருவன் கால் எடுத்து வைக்கப் போகிறான் என்ற பொறுப்புணர்ச்சியே ஆற்றுப்படையின் உயிர். பயணக் கட்டுரை எழுதும் எவர்க்கும் இப்பொறுப்பு உண்டு.

மூன்று குறைகள்

தமிழில் உரைநடைப் பயண நூல்களுக்கு நல்ல மரபு இருக்கிறது. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வெளிவந்தது. அவர் பிறருடைய பயணக் கட்டுரைகளையும் திரட்டித் 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பாக 1968இல் வெளியிட்டார். அலங்காரமற்ற சிறு சொற்றொடர்களும், வழியில் சந்திக்கும் எளியவரிடம் காட்டும் ஆர்வமும் அவருடைய எழுத்தின் சிறப்புகள். இம்மரபை அறிந்தவர்க்கு, இன்று மலர்களிலும் இதழ்களிலும் வரும் பயணக் கட்டுரைகளில் இடைவழி ஊர் படும் பாடு வருத்தம் தருவதாகும். அங்கே காணப்படும் குறைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஊரைக் காணாமலே கடந்துவிடுவது. "விமானம் மாறுவதற்காகச் சில மணி நேரம் காத்திருந்தோம்" என்ற ஒரே தொடரில் ஓர் ஊர் முடிந்துவிடுகிறது. சில சமயம், "அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்ற தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. மக்கள் பிறந்து, வாழ்ந்து, உழைத்து, இறக்கும் ஓர் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வது ஊரைப் பற்றிய செய்தியன்று. பார்த்தவரின் கண்ணைப் பற்றிய செய்தியே.

இரண்டாவது, விளம்பர ஏட்டின் நடையில் எழுதுவது. 'கண்ணைக் கவரும்', 'உள்ளம் கொள்ளை போகும்', 'சொற்களால் விவரிக்க இயலாத' என்னும் அடைகள் எல்லா ஊர்க்கும் பொருந்துவன. எல்லா ஊர்க்கும் பொருந்தும் அடை எந்த ஊரையும் காட்டாது. ஊர்ப்பெயரை அழித்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும் கட்டுரை குறைவின்றி நிற்குமானால், அக்கட்டுரையில் ஊர் இல்லை என்பதே பொருள்.

மூன்றாவது, சென்ற இடத்திலும் தன் வீட்டையே தேடுவது. இறங்கியவுடன் இட்டலி கிடைக்குமா, தமிழ் பேசுவோர் உண்டா என்று தேடுவது இயல்பான ஆவலே. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், கிடைத்த மூன்று மணி நேரமும் அத்தேடலிலேயே கழிந்து, கட்டுரையும் அதனாலேயே நிரம்புமானால், பயணி தன் ஊரை விட்டுப் புறப்படவே இல்லை எனலாம்.

சான்றாக ஓர் ஊர்

இக்குறைகளுக்கு மாற்று என்ன என்பதை ஓர் உண்மையான ஊரை முன்வைத்துக் காண்பது பயன் தரும். புருணையின் தலைநகரான பண்டார் ஸ்ரீ பகவான் அதற்கு ஏற்ற சான்று. நாட்டின் மக்கள்தொகையே ஐந்து இலட்சத்துக்கும் குறைவு, தலைநகர் சிறியது. 1974இல் தோன்றிய புருணை அரச விமான நிறுவனத்தில் இலண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்வோர் பலர் இங்கு விமானம் மாறுவர். 'பார்ப்பதற்கு ஒன்றுமில்லை' என்ற தீர்ப்புக்கு அடிக்கடி ஆளாகும் ஊர் இது.

நல்ல கட்டுரையாளர் முதலில் நேரத்தைக் கணக்கிடுவார். இரு விமானங்களுக்கும் இடையே ஒன்பது மணி நேரம் இருப்பதாகக் கொள்ளலாம். குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளிவர ஒரு மணி நேரம். புறப்பாட்டுக்கு மூன்று மணி முன்னதாகத் திரும்ப வேண்டும். எஞ்சுவது ஐந்து மணி. விமான நிலையத்திலிருந்து நகரின் ஆற்றங்கரைக்குக் காரில் ஏறத்தாழக் கால் மணி நேரம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகிய காலம் தங்குவதற்கு விசா வேண்டுவதில்லை. சிங்கப்பூர் வெள்ளியை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. 1967இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் நாணயங்களைச் சம மதிப்பில் மாற்றிக்கொள்ள உடன்பாடு செய்தன. 1973இல் மலேசியா விலகிய பின்னும் மற்ற இரண்டுக்கும் இடையே அது நீடிக்கிறது. கிழமையையும் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை தொழுகைக்காகக் கடைகளும் உணவகங்களும் அடைக்கப்படும். அதை அறியாமல் இறங்குபவர் ஐந்து மணியில் இரண்டை இழப்பார். மலைபடுகடாம் சொன்ன குழிக்கும் கவண்கல்லுக்கும் நிகரான செய்திகள் இவை. இவற்றைச் சொல்வது இலக்கியத்துக்கு இழுக்கன்று.

அடுத்து, ஊரின் பெயர். தமிழ் பயின்ற ஒருவர் இப்பெயர்முன் சற்று நிற்க வேண்டும். 'பண்டார்' பாரசீகத்திலிருந்து மலாய்க்கு வந்த சொல். துறைமுக நகரைக் குறிப்பது. 'ஸ்ரீ', 'பகவான்' இரண்டும் வடமொழிச் சொற்கள். சுல்தான் மூன்றாம் ஒமார் அலி சைபுதீன் 1967இல் அரியணை துறந்தபின் கொண்ட சிறப்புப் பட்டத்தை ஒட்டி, அதுவரை புருணை நகர் எனப்பட்ட ஊர் 1970இல் இப்பெயர் பெற்றது. நாட்டின் பெயரில் வரும் 'நெகாரா' என்பதும் 'நகரம்' என்னும் சொல்லோடு உறவுடையது. முஸ்லிம் நாடொன்றின் தலைநகர்ப் பெயருக்குள் பாரசீகமும் வடமொழியும் மலாய் உச்சரிப்பில் குடியிருக்கின்றன. இக்கடலில் எத்தனை மொழியினர் வந்து போயினர் என்பதற்கு ஒரு பெயர்ப்பலகையே சான்றாகிறது. இதைக் காணக் கட்டணமும் இல்லை. காலச் செலவும் இல்லை.

ஆற்றங்கரையில் நின்றால் ஒரு புறம் 1958இல் கட்டி முடிக்கப்பட்ட ஒமார் அலி சைபுதீன் பள்ளிவாசலின் பொற்குவிமாடம். மறுபுறம் நீரில் நிற்கும் கம்போங் ஆயர். பள்ளிவாசலைப் பற்றி எழுதாத கட்டுரை இல்லை. ஆற்றைக் கடந்து கம்போங் ஆயருக்குள் நடந்து பார்த்து எழுதியவை மிகக் குறைவு. கடக்க ஆகும் செலவோ ஓரிரு வெள்ளி. படித்துறையில் படகுக்காரரே அழைப்பார். அப்பால், தூண்களின்மேல் வீடுகள். வீடுகளை இணைக்கும் நடைபாலங்கள். நீரின்மேலேயே பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல், தீயணைப்பு நிலையம். வீட்டு முகப்புகளில் பூந்தொட்டிகள் வரிசையாக இருக்கும். நிலமில்லாத இடத்தில் தோட்டம் வளர்க்கும் மக்களை அவை அறிமுகம் செய்யும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே குடும்பங்கள் பல நிலத்துக்குக் குடிபெயர்ந்தன. எஞ்சியோர் நீரிலேயே வாழ்கின்றனர். ஏன் சிலர் போயினர், ஏன் சிலர் இருக்கின்றனர் என்ற வினாவோடு நடக்கும் பயணிக்கு இரண்டு மணி நேரம் போதாது என்றே தோன்றும்.

உணவிலும் அவ்வாறே. புருணையின் சிறப்புணவாகிய அம்புயாட், சவ்வரிசி மரத்தின் மாவைக் கொதிநீரில் கலக்கிச் செய்யும் பசை போன்ற உணவு. இரு கிளையுடைய மூங்கில் குச்சியில் அதைச் சுருட்டி, புளிப்புக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவர். 'சுவையற்ற பசை' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது எளிது. பாயசத்தில் இடும் சவ்வரிசியின் பெயரே சாவகத்தோடு தொடர்புடையது என்பர். இவ்வுறவை உணர்பவர், தம் வீட்டுப் பண்டத்தின் பிறந்த வீட்டை அம்புயாட்டில் காண்பார். ஊரார் நாள்தோறும் உண்பதோ நாசி காத்தோக். சோறு, பொரித்த கோழி, சம்பல் மூன்றும் சேர்ந்த பொட்டலம். 'காத்தோக்' என்றால் தட்டுதல். இரவில் விற்பவர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கியதால் வந்த பெயர் என்று சொல்வர். ஆமூர் நண்டுக் கறி ஆமூர் உழவரை அறிமுகம் செய்தது போல, இப்பொட்டலம் இவ்வூர் மக்களை அறிமுகம் செய்கிறது.

பிகாபெட்டாவின் பக்கம்

இதே ஊரைக் குறுகிய காலமே கண்டு எழுதிய ஒருவர் உலகப் பயண இலக்கியத்தில் நிலைபெற்றிருக்கிறார். மகெல்லனின் கப்பற்படையோடு சென்ற இத்தாலியர் அந்தோனியோ பிகாபெட்டா, 1521 ஜூலையில் புருணைக்கு வந்தார். தலைவர் மகெல்லன் மூன்று மாதங்களுக்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார். நறுமணப் பொருள் விளையும் மலுக்குத் தீவுகளைத் தேடிச் சென்ற அவர்களுக்குப் புருணை ஓர் இடைவழி ஊர்தான். நகருக்குள் பிகாபெட்டா இருந்த பொழுது மிகச் சிறிது.

ஆயினும் அவர் குறித்தவை பல. நகரம் உப்பு நீரின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. அரசர் இல்லமும் தலைவர் சிலர் இல்லங்களும் மட்டுமே நிலத்தில் இருந்தன. வீடுகள் மரத்தாலானவை, உயர்ந்த தூண்களின்மேல் நின்றவை. கடல் ஏற்றத்தின்போது பெண்கள் படகுகளில் வந்து உணவுப் பொருள்களை விற்றனர். தூதுக் குழுவினர் யானைமேல் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அரசரிடம் நேரே பேச முடியாது. சொல்ல வேண்டியது ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர்க்குப் போய், இறுதியில் சுவரின் துளை வழியே ஒரு குழல் மூலம் உள்ளே சென்றது. குடும்பங்களின் எண்ணிக்கையை அவர் 25,000 என்று எழுதினார். அவ்வெண்ணை அப்படியே ஏற்பதா என்பது வரலாற்றாசிரியர் ஆராய வேண்டியது. ஆனால் ஏற்றநீரில் படகில் வரும் காய்கறிக்காரியைத் தன் கண்ணால் காணாதவர் எழுத முடியாது. அந்த ஒரு காட்சியால், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்தைய கம்போங் ஆயர் இன்றும் உயிரோடு நிற்கிறது.

பிகாபெட்டாவை அளவின்றிப் புகழ வேண்டியதில்லை. அவர் வெற்றி நாடிச் சென்ற படையின் ஆள், மொழி அறியாதவர். இருந்தும், கண்டதைக் கண்டபடி வரிசையாக எழுதும் ஒழுக்கம் அவரிடம் இருந்தது. 'உள்ளம் கொள்ளை போயிற்று' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்நகரம் அவரோடே மறைந்திருக்கும்.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழலாம். ஐந்து மணி நேரம் ஓர் ஊரில் நடந்தவர் அவ்வூரைப் பற்றி எழுத என்ன தகுதி உடையவர்? அரைகுறை அறிவோடு எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதே நேர்மை அன்றோ? மேலும், ஆற்றுப்படை புகழ்ச்சிப் பாடல். அதில் வரும் விருந்துகளில் மிகை இருக்கக்கூடும். அதை அளவுகோலாகக் கொள்வது தகுமோ?

தடையில் உண்மை இருக்கிறது. சில மணி நேரத்தில் கண்டதைக் கொண்டு, 'இந்நாட்டு மக்கள் சோம்பேறிகள்' என்றோ 'இவர்கள் கவலையற்றவர்கள்' என்றோ பொதுத்தீர்ப்பு வழங்கும் கட்டுரைகள் கண்டிக்கத்தக்கவையே. அக்குற்றம் குறுகிய நேரத்தால் வந்ததன்று. நேரத்துக்கு மிஞ்சி உரிமை கொண்டாடியதால் வந்தது. கண்டது, கேட்டது, படித்தது என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டினால் சிறிய பார்வையும் மெய்யான பார்வையாகும். ஒரு நடைபாலத்தைக் கண்டவர் அந்த ஒரு நடைபாலத்தைப் பற்றி எழுதலாம். ஊர் முழுவதையும் கண்டதாகப் பாவனை செய்ய வேண்டியதில்லை.

ஆற்றுப்படையின் புகழ்ச்சி பற்றியும் அவ்வாறே கொள்ளலாம். வள்ளலின் கொடையில் மிகை இருக்கலாம். எயிற்பட்டினத்து உலர்மீனில் மிகை சொல்லி யாருக்கு என்ன ஆதாயம்? அரசனைப் பாடும் இடத்தில் புலவர் பரிசிலை எண்ணியிருக்கலாம். வழியைப் பாடும் இடத்தில் நடப்பவனை எண்ணியிருக்கிறார். இடைவழி ஊர் புகழ்ச்சியின் பிடிக்குள் சிக்காததால்தான் அங்கே பார்வை தெளிவாக இருக்கிறது. இன்றைய எழுத்தாளர்க்கும் இது பொருந்தும். பாரிசையும் இலண்டனையும் காணுமுன்னே அவற்றைப் பற்றிய சொற்கள் மனத்தில் நிரம்பிவிடுகின்றன. சிறிய ஊரைப் பற்றி முன்கூட்டிய சொல் எதுவும் இல்லை. கண்ணையே நம்ப வேண்டிய கட்டாயம் அங்கேதான் நேர்கிறது.

வகுப்பறைக்கு

பள்ளிகளில் பயணக் கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்க்கு இதனால் பெறப்படுவது ஒன்றுண்டு. மாணவர் பலர் தாம் காணாத தாஜ்மகாலைப் பற்றி மனப்பாடத் தொடர்களால் பக்கம் நிரப்புகின்றனர். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அதற்கு மாறாக, உறவினர் வீட்டுக்குச் செல்லும் வழியில் பேருந்து அரை மணி நேரம் நின்ற ஊரைப் பற்றி எழுதச் சொல்லலாம். அவ்வூரின் பெயருக்குப் பொருள் என்ன? நிலையத்தில் கடை வைத்திருந்தவர் என்ன விற்றார்? என்ன விலை? அடுத்து வருபவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை எழுதும் மாணவன் மனப்பாடத் தொடரை நாட முடியாது. அவன் எழுத்தில் பிழைகள் இருக்கலாம். ஆனால் ஊர் இருக்கும். அதே மாணவனுக்குப் பின்னர்ச் சிறுபாணாற்றுப்படையைக் கற்பித்தால், தேர்வுக்குரிய பழம்பாடலாக அன்றி, தன்னைப் போல் வழிநடந்த ஒருவனின் சொல்லாக அது அவன் காதில் விழும்.

பெரிய ஊர்களைப் பற்றி எழுதப் பலர் உளர். இடைவழி ஊரைப் பற்றி அவ்வழியே போகிறவர் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆமூரில் ஓரிரவு தங்கிய பாணனின் சொல் இரண்டாயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கிறது. பினாங்குத் துறையில் கப்பல் நின்றபோது கரையிறங்கிய ஆயிரமாயிரம் தமிழர் கண்டது பெரும்பாலும் வரவில்லை. அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் தமிழர் கையில் இன்று நேரமும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே சென்று பார்த்து வந்து, பின்னே வருபவர்க்கு உண்மையைச் சொல்வது ஒன்றே அவர் செய்ய வேண்டுவது.